கோபம் தணிந்த கொழுப்பு

ஒரு கோடி கொழுப்பு செல்களை வரிசையாக உட்காரவைத்து, "கோவிச்சுக்காதீங்கப்பா" என்று ஒரே காலையில் சமாதானப்படுத்தியவர் இந்தப் பூமியில் மின்னல் ஒருவர்தான். எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டால், ஒன்றுகூடக் குறையவில்லை என்பார்.

மின்னல் என்பது ஆய்வுக்கூடம் வைத்த பெயர். ஆபரேஷன் அறையிலிருந்து எலுமிச்சம்பழ அளவு மனிதக் கொழுப்பு சூடு ஆறாமல் வந்ததும் கத்தரியால் நறுக்கி, திசுவை இளக்கும் திரவத்தில் குலுக்கி, வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் கிறுகிறுவென்று சுழற்றி, செல்களைப் பிரித்துத் தட்டுகளில் வைத்துவிடுவார். மற்றவர்களுக்கு அரைநாள் வேலை. அவருக்கு டீ ஆறுவதற்குள் முடியும்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவின் மூன்று வருட உழைப்பு அந்தத் தட்டுகளில்தான் இருந்தது. தொப்பைக் கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைக்கிறோம். அதுவோ உடம்பு முழுக்கத் தகவல் அனுப்பும் தபால் ஆபீஸ். சர்க்கரையை ஒழுங்காகச் செலவழிக்கச் சொல்லும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் அங்கிருந்துதான் கிளம்புகிறது. காயத்துக்கும் கிருமிக்கும் உடம்பு எழுப்பும் அழற்சிச் செய்தி வந்துவிட்டால் அந்த ஹார்மோன் குறைந்துபோகும் என்பது டாக்டரம்மாவின் வாதம். பாதித் தட்டுகளில் அழற்சிச் செய்தி, மீதியில் வெறும் திரவம். பதினோரு முறை செய்தாயிற்று. இரண்டிலும் ஹார்மோன் ஒரே மாதிரி அதலபாதாளத்தில். வெள்ளிக்கிழமைக்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் ஆராய்ச்சியை மூடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

ஹார்மோனை அளப்பவர் மின்னலின் மச்சான், மனைவியின் தம்பி. இயந்திரம் சொல்லாவிட்டால் தன் பிறந்தநாளையே நம்பமாட்டார்.

"இல்லாத வித்தியாசத்த நான் எங்கேருந்து அளக்குறது அத்தான்?"

திங்கட்கிழமை, சுழற்றி எடுத்த குழாயின் மேலே மினுங்கிய எண்ணெய்ப் படலத்தை வழக்கம்போல் உறிஞ்சி எறியப்போன மின்னலின் கை அப்படியே நின்றது. கொழுப்பு செல் என்பது சோப்புக் குமிழிக்குத் தங்கை. மெல்லிய தோல், உள்ளே முழுக்க எண்ணெய். அப்படியானால் இது உடைந்த செல்களின் எண்ணெய் அல்லவா? சுத்தம் செய்வதாக நினைத்து இத்தனை நாள் அதைத் துடைத்துப்போட்டிருக்கிறார். பக்கத்து வீடு வெடித்துச் சிதறினால் மிச்ச வீடுகள் நிம்மதியாக இருக்குமா? டாக்டரம்மா செய்தி அனுப்பும் முன்பே எல்லாத் தட்டுகளிலும் அழற்சி கிளம்பியிருந்தது. கிளப்பியது அவருடைய வேகம்.

முப்பது வருடப் பெருமையை மென்று விழுங்கிவிட்டு டாக்டரம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னார்.

டாக்டரம்மா திட்டவில்லை. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இத யாருமே பாக்கலையே. நாளைக்கு ஒரு கொழுப்புத் துண்டு வருது. நீங்கதான் பிரிக்கணும்."

மறுநாள் மின்னல் ஆமையானார். திரவத்தை உடம்புச் சூட்டிலேயே வைத்தார். செல்களை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டின் முனையை வெட்டி, அவை நசுங்காமல் போக வாயை அகலமாக்கினார். சென்ட்ரிஃபியூஜ் பக்கமே போகவில்லை. கொழுப்பு தானாக மிதக்கும், மிதக்கட்டும் என்று கைகட்டி நின்றார். செல்கள் பயந்துவிடும் என்று ஒருவரையும் தும்மவிடவில்லை. எட்டிப்பார்த்த மச்சான், அத்தானுக்கு உடம்பு சரியில்லை என்று அக்காவுக்குப் போனே போட்டுவிட்டார்.

புதன் முழுக்க செல்களுக்கு ஓய்வு. வியாழன் அழற்சி. வெள்ளி காலை, எது எந்தத் தட்டு என்று சொல்லாமல் வெறும் எண் போட்டு மச்சானிடம் நீட்டினார்கள். வித்தியாசம் மொட்டைமாடிக்கும் கிணற்றுக்கும் உள்ளதுபோல இருக்கும் என்று மின்னல் அடித்துவிட்டார்.

"தட்டுல இருக்குற கொழுப்பவிட உங்களுக்குத்தான் ஜாஸ்தி அத்தான்."

அளந்தார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தார். இயந்திரத்தை அணைத்துப் போட்டு மூன்றாம் தடவையும் அளந்தார். பிறகு டாக்டரம்மா எண்களுக்கான தாளைப் பிரித்து அவரிடமே கொடுத்தார். வெறும் திரவத் தட்டுகளில் ஹார்மோன் தளும்பியது. அழற்சித் தட்டுகளில் பாதிக்கும் கீழே.

டாக்டரம்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா அத்தான், கொறஞ்சிருக்கு. மூணு தடவையும் நானேதான் அளந்தேன். நெசமாவே நடந்திருக்கு."