ஆறுக்குட்டி பறிகொடுத்த காய்கள்

1963ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சதுரங்க ஆட்டத்தின் பதினேழாவது நகர்த்தலில் ஆறுக்குட்டி அநியாயமாகப் பறிகொடுத்த கறுப்புக் குதிரை, மறுநாள் காலை ஏழே காலுக்கு மலையூரான காந்தலில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அன்று முட்டைக்கோஸ் மலிவு, மழை மிதம். ஏரிக்கரையில் சவாரி விடும் குதிரை வழி தவறி வந்துவிட்டதென்று நினைத்து அக்கம்பக்கத்தார் கேரட் கொடுத்தார்கள். குதிரை கேரட்டை மறுக்கவில்லை. ஆனால் ஆறுக்குட்டியை விட்டுப் பார்வையை எடுக்கவும் இல்லை.

ஆறுக்குட்டி ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிறுதோறும் கடைவீதியில் மொறுமொறு வர்க்கி பிஸ்கோத்து சுடும் நூர் முகமதுவின் கடையில், மைதா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவரிடம் சதுரங்கத்தில் தோற்பார். கடை நூர் முகமதுவுடையது என்பதால் வெள்ளைக் காய்களும் அவருடையவை. வீடு திரும்பியதும் ஆறுக்குட்டி நகர்த்தல்களை எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி, எங்கே தவறு நேர்ந்தது என்று ஓரத்தில் ஆராய்ந்து வைப்பார். மேலதிகாரிகளுக்கு விளக்கக் கடிதம் எழுதிப் பழகிய கை அது. ஆகவே அந்த நோட்டில் தவறு நேர்ந்திருக்குமே தவிர, ஆறுக்குட்டி தவறு செய்திருக்க மாட்டார். ‘போதிய வெளிச்சமின்மை.’ ‘எதிராளி இருமியது.’ ‘மூடுபனி காரணமாக.’ பதினேழாவது நகர்த்தலுக்கு நேரே, ‘குதிரை தானாகவே அங்கே போய் நின்றுவிட்டது’ என்று எழுதியிருந்தார்.

விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவர் அவர் மனைவி தனபாக்கியம். “ஏனுங்க, அது உங்களத்தான் பாக்குது. என்னத்தையோ பொய்யா எழுதி வெச்சிருக்கீங்க. அடிச்சுட்டு நெசத்த எழுதுங்க, நான் வாசல் கூட்டோணும்.” ஆறுக்குட்டி நோட்டை வாசலுக்குக் கொண்டுவந்து, அந்த வரியை அடித்து, ‘நான் பார்க்கவில்லை’ என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். குதிரை குனிந்து படித்தது. பிறகு இரண்டு எட்டு நேராகவும் ஓர் எட்டு பக்கவாட்டாகவும் வைத்து வைத்துக் கடைவீதிப் பக்கம் போய் மறைந்தது. எதிரே வந்த பேருந்து ஓட்டுநருக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் போனதைத் தவிர வேறு சேதமில்லை.

அதன்பின், பொய்க்காரணம் எழுதப்பட்ட காய்கள் எல்லாமே மறுநாள் நியாயம் கேட்டு வர ஆரம்பித்தன. யானை நேர்கோட்டில்தான் வரும் என்பதால் வழியிலிருந்த கோழிக்கூடுகளும் துணிக்கொடிகளும் போயின. மந்திரி குறுக்காக மட்டும் நடப்பவர். நாலு வீட்டுக் கொல்லையைத் தாண்டி வந்தாக வேண்டும் என்பதால் அந்த நாலு வீட்டிலும் அவருக்கு டீ உண்டு. சிப்பாய்கள் குரங்குக் குல்லாயும் கம்பளிச் சட்டையுமாய் வரிசையில் நின்றார்கள். காந்தல்வாசிகளுக்கு வரிசை என்றால் மண்ணெண்ணெய். தகர டப்பாவோடு அவர்களும் பின்னால் நின்றுகொண்டார்கள். “மண்ணெண்ணெய் இல்லீங்க, நான் மூணாவது சிப்பாய மறந்துட்டனுங்க” என்று ஆறுக்குட்டி வெளியே வந்து சொன்னால், “சரி, எப்ப வரும்?” என்று கேட்டார்கள்.

பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. ஆறுக்குட்டியின் ஆராய்ச்சி நாளுக்கு நாள் நாணயமானது. கைப்பழக்கத்தில் அலுவலக விளக்கங்களிலும் உண்மையையே எழுதிவிட்டதால் பதவி உயர்வு மட்டும் வரவில்லை. ஆட்டமும் தேறவில்லை.

பாதிக்கப்பட்டது மகள் சுலோச்சனாதான். முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் யானையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் சிப்பாய்களுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, மண்ணெண்ணெய் கிடையாது என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு போனார்கள். 1974 மார்ச்சில் மூன்றாவது இடம் வந்தது. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் இராஜமாணிக்கத்தின் மகன் வடிவேல். சுலோச்சனா அப்பாவிடம் தெளிவாகச் சொன்னாள்: “எனக்கு இந்தப் பையனப் புடிச்சிருக்குப்பா. வியாழக்கிழமை வர்றாங்க. ஞாயித்துக்கிழமை தோத்துத் தொலைங்க, வேண்டாங்கல. ஆனா ஒழுங்கா எழுதுங்க.”

அந்த ஞாயிறு ஆறுக்குட்டி ராணியைப் பறிகொடுத்தார். ‘கவனிக்கவில்லை’ என்று அடக்கமாக எழுதிவிட்டுத் தூங்கினார். திங்கட்கிழமை காலை ராணி வந்து, வீட்டிலிருந்த ஒரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புப் பட்டுச்சேலை, கறுப்பு ரவிக்கை. நோட்டை வாங்கிப் படித்தார். ஒற்றை விரலால் தள்ளிவிட்டார்.

“பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு நடு ஊட்ல கறுப்புச்சீல கட்டி உக்காந்திருந்தா வெளங்குமா?” என்று தனபாக்கியம் தன் பச்சைப் புடவையைக் கொடுத்துப் பார்த்தார். ராணி துணியைத் தடவி, நல்ல நெசவு என்பதுபோல் தலையசைத்து, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமைக்குள் ஆறுக்குட்டி பதினான்கு ஆராய்ச்சிகள் எழுதினார். ‘சிப்பாய் மறைத்தது.’ ‘மந்திரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.’ ‘எனக்கு அறிவு குறைவு.’ கடைசியாக எழுதியதற்கு ராணி கொஞ்சம் யோசித்தார். பிறகு அதையும் தள்ளிவிட்டார். உதவிக்கு வந்த நூர் முகமது பலகையில் காய்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது? ரெண்டே நகர்த்தல்ல என் ராஜா காலி. கொழந்தைக்குக்கூடத் தெரியும். உனக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?” என்றார். ஆறுக்குட்டிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்தரைக்கு இராஜமாணிக்கம் மனைவி, மகனோடு அம்பாசிடரில் வந்திறங்கினார். உள்ளே நுழைந்து நாற்காலியைப் பார்த்தார். “இந்தம்மா யாருங்க?”

“தூரத்துச் சொந்தமுங்க” என்றார் தனபாக்கியம்.

‘இல்லை’ என்று ராணி தலையாட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். டீத் தட்டோடு வந்த சுலோச்சனா அடுக்களை வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்தாள். ஆறுக்குட்டி நோட்டை எடுத்தார்.

“எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சுங்க. ரெண்டே நகர்த்தல்ல ஜெயம். அந்த நேரம் பாத்து பாயி சம்சாரம் மரியம் பீவி அடுப்பத் தொறந்துட்டாங்க. அந்தக் கடையில ஒரு பழக்கமுங்க. தோத்தவன் மனசொடிஞ்சு ஊட்டுக்குப் போகக்கூடாதுன்னு சூடா ரெண்டு வர்க்கி அந்தம்மா குடுப்பாங்க. ஜெயிச்சவனுக்கு வெறும் டீதானுங்க. வெளிய மழை வேற.”

சொன்னதையே எழுதிக் கையெழுத்திட்டார்: ‘வர்க்கிக்கு ஆசைப்பட்டு ராணியைக் கொடுத்தேன்.’

இராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். “ரெண்டும் சூடாவா இருந்துச்சு?”

“கையில புடிக்க முடியலீங்க.”

“அப்பச் செரி.”

“ரெண்டு வர்க்கிக்கு ராணியவே குடுத்தவரு, சம்பந்திக்கு என்னத்தக் குடுப்பாரோ!” என்று இராஜமாணிக்கத்தின் மனைவி சொல்ல, வடிவேல் சிரிக்க, அவன் சிரித்ததைப் பார்த்து சுலோச்சனா தட்டோடு உள்ளே வந்தாள். சித்திரையில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று.

ஆறுக்குட்டி எழுதியதைப் படித்துவிட்டு ராணி எழுந்து, நாற்காலியை இராஜமாணிக்கத்துக்கு விட்டுக்கொடுத்தார். மற்ற காய்களைப் போல அவர் கடைவீதிக்குத் திரும்பவில்லை. எந்தத் திசையிலும் எவ்வளவு தூரமும் போக உரிமையுள்ளவர். மேட்டுப்பாளையம் திரும்பும் இராஜமாணிக்கத்தின் காரில் ஓர் இடமும் இருந்தது. மலையிறங்கும் பாதையில், குளிர் முடிந்து வெக்கை தொடங்குகிற பர்லியாரில், கண்ணாடியைத் தட்டி இறங்கிக்கொண்டார். அங்கே சாலையோரத்தில் பழக்கடை போட்டிருக்கிறார். பருவத்தில் மங்குஸ்தான், மற்ற நாளில் பலா. பேரம் கிடையாது, அழுகின பழத்தை அவரே ஒதுக்கி வைத்துவிடுவார். மேட்டுப்பாளையம் போகும் பேருந்துகள் அங்கே ஐந்து நிமிடம் நிற்கும்.