வாசல் தாண்டாத முனிசாமி

செத்துப் பதினோரு வருடமான தன் நைனாவைத் திருப்பிக் கொடுக்கும்படி, 2006 ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, திருப்பதி அலுவலகத்தில் பிரேமலதா கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் ரங்கையா சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், வரைந்த தாளை மட்டும் திருப்பிக் கேட்காதே, அது கம்பெனி சொத்து.

அமெரிக்காவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கற்பனையில் சண்டை போடும் ஆட்டம் ஒன்றுக்கு, அந்த அலுவலகம் செத்தும் சாகாத பிணங்களைத் தயாரித்து அனுப்பியது. ஒரு பிணத்துக்கு ஒரு தாள். படம், பயமுறுத்தும் விதம், கொல்லும் வழி, உரிமையாளர் என்று கட்டங்கள். மற்றவர்கள் வரைந்தவை தாளிலேயே கிடந்தன. பிரேமலதா வரைந்தவை மட்டும் சாயங்காலம் அரக்கோணம் பாசஞ்சரில் அவளோடு ஏறிக்கொண்டன. கை பின்பக்கம் முறுக்கிய எலும்புக்கூடு புத்தூரில் இறங்கி எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டது. மூன்றே வாரத்தில் தாளிலும் கை நேராகிவிட, இதில் பயம் இல்லை என்று அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். தலையில்லாத பெண் நகரியில் ஒரு பவர்லூம் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆண்கள் குவைத்துக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த காலம். தறி ஓடினால் போதும் என்று முதலாளி தலையைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னும் பயமாக வேண்டும் என்றார்கள். பிரேமலதா வீட்டில் முதல் டிகிரி வாங்கியவள், அடக்கிப் பேசத் தெரியாதவள். எனக்கு எது பயமோ அதைத்தான் வரைவேன் என்று சொல்லிவிட்டு, ரெக்சின் பையோடு வாசலில் நிற்கும் ஓர் ஆளை வரைந்தாள். அவள் எட்டாவது படித்தபோது தறியை விட்டுக் குவைத்துக்குப் போன நைனா முனிசாமி. போய்ட்டு வரேன் என்றுதான் போனார். மறுவருடம் சேதி வந்தது, உடல் வரவில்லை. வரைந்த அன்று சாயங்காலமே நகரி வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா பச்சையம்மாள் சொம்பில் தண்ணீர் நீட்டி உள்ளே கூப்பிட்டாள். வரேன் என்றார், காலை எடுத்து வைக்கவில்லை. உரிமையாளர் கட்டத்தில் கம்பெனி பெயர் இருந்தது. முப்பத்தெட்டு நாள் அப்படியே நின்றார். தெருக்காரர்கள் சைக்கிளை ஒதுக்கி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பிரேமலதா அவரை உரசித்தான் தாண்டவேண்டும். அவர்மேல் வீசும், தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி வாசனைகூட மாறவில்லை.

அமெரிக்காவில் நன்றாகப் பயந்தார்கள். கொல்லும் வழி மட்டும் காலியாக இருக்கிறதே என்று கேட்டார்கள். ரங்கையா அதில் நெருப்பு என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை முனிசாமியின் வலது சட்டைக் கை கருகியிருந்தது.

"ஒரு பொம்மைக்காக ஏம்மா இவ்ளோ கொடவ, கலாட்டா?" என்றார் ரங்கையா திங்கட்கிழமை.

"பொம்மைக்கா எங்கம்மா ரெண்டு தட்டு போட்டுக்கினு வாசலப் பாத்துக்கினு குந்திகினுகீது? நீங்க எழுதுன ஒரு வார்த்தைல எங்க நைனா கை வெந்துபோச்சு சார்."

தாளைத் தர வழியே இல்லை என்றார். அவளே அலமாரியைத் திறந்து எடுத்தாள். நெருப்பு என்ற சொல்லை அடித்தாள். கம்பெனி பெயரை அடித்துவிட்டு, பச்சையம்மாள், நகரி என்று எழுதினாள்.

"அது செல்லாதும்மா. வேலை போயிடும்."

"போறேன்."

போய்ட்டு வரேன் என்று சொல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் எங்கிருந்தும் கிளம்புவதில்லை. இத்தனை பிணங்களைப் பார்த்தும் அசராத ரங்கையா, அந்த ஒரு சொல்லுக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஏறக்குறைய அதே நேரத்தில் முனிசாமி பையை உள்ளே வைத்துவிட்டு, துன்ன என்ன இருக்கிறது என்று கேட்டதாகப் பச்சையம்மாள் பிறகு சொன்னாள். பிரேமலதா படியிறங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருக்கவில்லை. அம்மாவிடம் மூன்று பேருக்கு அரிசி களையச் சொல்லிவிட்டுத்தான் காலையில் ரயில் ஏறியிருந்தாள்.