தணிகைவேலு ஓடுவதற்குத் தேவையானவை

ஊரையும் ஊராரையும் ஓட்டும் பிராசஸரைப் புதன்கிழமை மாற்றிவிட்டார்கள். பழையது வெள்ளி மாலை நான்கு மணி வரைக்கும்தான் ஓடும். அதற்குள் எல்லோரும் கம்பைல் அலுவலகத்துக்குப் போய், புதிய பிராசஸருக்கு ஏற்றபடி தங்களை முதலிலிருந்து கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வராதவர்கள் நான்கு மணிக்கு நின்றுவிடுவார்கள். இரண்டு போட்டோ இருந்தால் போதும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

முன்னாலேயே போய்விடலாம் என்று மனைவி புஷ்பலதா மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் தணிகைவேலு "பார்க்கலாம்" என்றார். ராமேஸ்வரம் போகலாம் என்று கல்யாணமான வருடம் அவள் கேட்டதும் இன்னும் பார்க்கலாமில்தான் இருந்தது. வெள்ளி மதியம், சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அலுவலக வராந்தா நீளமானது. வரிசை ஓர் ஆள் நகர்ந்தால் வராந்தா இரண்டு ஆள் நீண்டது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

எதிர்வீட்டு சவுரிராஜன் கட்டி முடித்து வெளியே வந்தார். வேகத்தை மூன்றாம் நிலையில் வைக்கச் சொல்லியிருந்தார்.

"நல்லா இருக்கேன்," என்றார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத் தணிகைவேலு அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார்.

"அவளும் சௌக்கியம். சாப்பிட்டாச்சு. வரேன்."

போயே விட்டார்.

கவுன்டரில் எமல்டா என்ற அம்மாள் இருந்தார். அலுவலக ஊழியர்கள் எல்லோரையும் போல அவரும் பொது வகையில் கட்டப்பட்டவர். பொது வகை எந்தப் பிராசஸரிலும் ஓடும். எதிலும் வேகமாக ஓடாது.

"இந்த ஊர் பிராசஸருக்கு மட்டும் கட்டட்டுமா, எல்லாத்துக்கும் கட்டட்டுமா?" என்றார். "இதுக்கு மட்டும்னா வேகமா இருப்பீங்க. வேற ஊர்ல ஓட மாட்டீங்க."

"நான் எங்க மேடம் போகப் போறேன். இதுக்கே கட்டுங்க."

"வேண்டாத வசதியை எடுத்துட்டா சைஸ் குறையும். பாட்டுப் பாடறது இருக்கு. கடைசியா காலேஜ்ல பாடியிருக்கீங்க."

"எடுத்துடுங்க."

"மன்னிப்புக் கேக்கறது. ஒரு தடவைகூட யூஸ் பண்ணல. பேக்கிங்கூடப் பிரிக்கல."

"எடுத்துடுங்க."

பிறகு எமல்டா, அவர் ஓடுவதற்கு வேறு என்னென்ன தேவை என்ற பட்டியலை அச்சடித்தார். முப்பத்துநான்கு வரிகள். காலைக் காபி, பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி இருக்கும் இடம், மச்சினன் பிள்ளைகளின் பெயர்கள், கோபம் வந்தால் கத்துவதற்கு ஓர் ஆள். முப்பத்தொரு வரிகளுக்கு நேரே புஷ்பலதா என்றிருந்தது.

"உங்களைக் கட்டணும்னா முதல்ல இவங்களைக் கட்டணும்."

"கட்டுங்களேன். இதோ நிக்கிறாளே."

எமல்டா புஷ்பலதாவின் பட்டியலை எடுத்தார். அதில் ஒரே ஒரு வரி. கணவர், கட்டாயம்.

"இவங்களைக் கட்டணும்னா முதல்ல உங்களைக் கட்டணும்."

"அப்ப?"

"ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கிட்டு சுத்துது. ரெண்டு பேரையும் கட்ட முடியாது. அடுத்த ஆள் வாங்க."

தணிகைவேலு கவுன்டரை விட்டு நகரவில்லை. இந்த ஊரில் யார் யாரோ நின்றுபோவார்கள் என்று அவர் நினைத்ததுண்டு. அந்த யார் யாரோவில் தாம் ஒருவர் என்று நினைத்ததே இல்லை.

"மேடம், மேடம். ஏதாவது வழி பண்ணுங்க."

"யாராவது ஒருத்தர்கிட்ட இன்னொருத்தரை எடுத்துட்டுக் கட்டலாம். உங்ககிட்ட எடுத்தா முப்பத்தொண்ணு போயிடும். மிச்சம் மூணை வெச்சிக்கிட்டு எழுந்து நிக்கக்கூட மாட்டீங்க. அவங்ககிட்ட ஒண்ணுதான்."

"அவகிட்டயே எடுங்க," என்றார் உடனே. அப்புறம் பெருந்தன்மை வந்துவிட்டது. "ஆனா பாத்துக் கட்டுங்க மேடம். நான் இல்லாம அவ ஒரு நாள் தாங்க மாட்டா."

"டெஸ்ட்ல தெரிஞ்சிடும்."

புஷ்பலதாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். எந்தப் பிராசஸருக்கு?

"எல்லாத்துக்கும்," என்றாள்.

கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவின் மேல் சிவப்பு பல்பு எரிந்தது. இருபத்தாறு வருடக் கட்டாயத்தை எடுத்துவிட்டுக் கட்ட ஒன்பது நிமிடம் ஆனது. நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் வைத்தார்கள். அத்தனையிலும் தேறினாள்.

"ஒரு எச்சரிக்கைகூட வரல," என்றார் எமல்டா, பொது வகையால் முடிந்த அளவுக்கு வியந்து.

"புஷ்பா, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? பையைக் குடுங்க."

தணிகைவேலுவுக்கு உயிர் வந்தது. எமல்டா அவருடைய பட்டியலை அவளிடம் நீட்டினார்.

"சாரை இப்ப கட்டிடலாம். முப்பத்தொரு இடத்துல உங்க மேலதான் நிக்கிறார். இஷ்டம் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கையெழுத்து போடுங்க. இனிமே உங்களுக்குக் கட்டாயம் இல்ல."

"போடு, போடு," என்றார் தணிகைவேலு. "நாலு ஆகப் போகுது."

புஷ்பலதா பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். வராந்தா நீண்டது. பெஞ்சு தள்ளிப் போனது. அவள் ஒவ்வொரு வரியையும் படித்து, நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்து, அடுத்த வரிக்கு வந்தாள். கத்துவதற்கு ஓர் ஆள் என்ற வரியை இரண்டு முறை படித்தாள்.

அவருக்கு அவளிடம் ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தார். சைஸ் குறைப்பதற்காக அதைக் கவுன்டரிலேயே எடுத்தாகிவிட்டது.

"புஷ்பா, கையெழுத்து போடும்மா," என்று மட்டும் வந்தது.

அவள் பட்டியலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"பார்க்கலாம்," என்றாள்.

ராமேஸ்வரத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று எமல்டாவிடம் விசாரித்துக்கொண்டு நின்றாள். எமல்டா மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி என்ன என்று பார்க்கத் தணிகைவேலு கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. நெற்றியிலும் இல்லை. அது இருக்கும் இடம் பட்டியலில் மூன்றாவது வரி.