கேபிளைப் பிடுங்கினால் தெரியும்

“திரை எழுந்திருக்கிறது, விரல் வைத்தால் அசையவில்லை.” பேருந்துப் பணிமனையிலிருந்து அதே புகார் மறுபடியும் வந்து நின்றபோது மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிளகாய் என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர், வாய் அப்படி.

பேருந்து நடத்துநர்கள் கையில் வைத்து டிக்கெட் போடும் கருவி அது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். பொத்தானை அமுக்கினால் எழ வேண்டும். எழுந்தது, வெளிச்சமும் வந்தது, தொடுதலுக்கு மட்டும் கல்லாய்ச் சமைந்து கிடந்தது. அணைத்துப் போட்டால்தான் உயிர் வந்தது. தொடுதிரையை ஆட்டிவைக்கும் டிரைவரை, அதாவது அந்தப் பாகத்தோடு பேசும் நிரலை, எழுதியவள் அவள். பழியும் அவள் தலையில்தான் விடிந்தது.

வேலை நிரந்தரமாகும் கடிதம் இந்த வாரம் வர வேண்டும். அதை நம்பி அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டாள். காலையில்தான் போனில் கேட்டாள்: “எந்திரத்தைத் தூங்க வச்சு எழுப்புறதுக்கு ஒரு படிப்பாடீ? உன்னைத் தூங்க வச்சு எழுப்பினதுக்கு எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?”

மிளகாய் நேராகச் சோதனை மேசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த நெட்டையனுக்கு ஆபீஸ் வைத்த பெயர் ஒட்டடை.

“என்கிட்ட ஒரு தடவைகூட மக்கர் பண்ணல மிளகா. ராத்திரி பூரா தூங்கி எழுந்திருக்கு. பாரு, எல்லாம் பாஸ்.”

கருவியிலிருந்து அவன் கணினிக்கு ஒரு கேபிள் ஓடியது. அவள் அதையே பார்த்தாள்.

“இது எப்பவும் சொருகித்தான் இருக்குமா?”

“பின்ன? பிடுங்கினா உள்ள என்ன நடக்குதுன்னு எப்படிப் பாக்குறது?”

“பிடுங்குடா.”

பிடுங்கினான். தூங்கவிட்டு எழுப்பினார்கள். அவன் குத்தினான், தேய்த்தான், ஊதியும் பார்த்தான். திரை மசியவில்லை.

கேபிள் வழியே மின்சாரம் போய்க்கொண்டிருந்தவரை கருவி தூங்கவே இல்லை. கண்ணை மூடிப் பாசாங்கு செய்திருக்கிறது. நிஜமாகத் தூங்கும்போது தொடுதிரையின் சிப்புக்கு மின்சாரம் அறுந்துபோகிறது, அது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. திரை எவ்வளவு அகலம், விரல் எவ்வளவு அழுத்தினால் தொட்டதாகக் கணக்கு என்று எழுந்ததும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அவள் அந்த வரிகளை எழுதித்தான் வைத்திருந்தாள். எழுவது ஒரு கண்சிமிட்டல் தாமதமாகிறது, அவை இல்லாமலே சோதனை தேறுகிறது என்று வெட்டச் சொன்னது அணித்தலைவர். அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் அவசரம். அவள் அவரிடம் போனாள்.

“சார், சோதனையே பொய். அந்த வரிகளைத் திரும்பப் போடணும்.”

“இப்பவா? பணிமனை மேடம் வந்துட்டு இருக்காங்கம்மா. கேபிளோடயே காட்டிடலாம். அப்புறம் பாத்துக்கலாம்.”

“அது ஏமாத்து வேலை சார்.”

“உன் லெட்டர்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல. ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. சலவைக்கூடத்து நீராவியில் வெந்த அம்மாவின் கைகளும் ஞாபகம் இருந்தன. வாயை மூடிக்கொண்டு கூட்ட அறையில் ஓரமாக உட்கார்ந்தாள்.

பணிமனை மேலாளர் கருவியைக் கையில் வாங்கினார். “சார்ஜ் கம்மி மேடம், கேபிளோடயே பாருங்க” என்றார் அவசரம். தூங்கியது, எழுந்தது, தொட்டதும் டிக்கெட் வந்தது. “பாத்தீங்களா? நாங்கதான் எழுதியிருந்தோமே, உங்க ஆளுங்க கை ஈரமா இருந்திருக்கும். தொடத் தெரியணும்ல.”

அந்த இடத்தில் மிளகாய்க்குப் பொறுக்கவில்லை. இந்தப் பேச்சை அவள் அறிவாள். அம்மாவிடமும் இப்படித்தான் சொல்வார்கள், எந்திரம் கெட்டால் உன் கைதான் சரியில்லை என்று. எழுந்து போய்க் கேபிளைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது.

“இப்ப அமுக்குங்க மேடம்.”

மேலாளர் அமுக்கினார். தொட்டார். மறுபடி தொட்டார்.

“இதத்தானேம்மா எங்க ஆளுங்க கத்துறாங்க!”

“அவங்க கை நல்லாத்தான் இருக்கு. கோளாறு எங்களுது. சரி பண்ணிடலாம், ஆனா எழுந்திருக்க ஒரு கண்சிமிட்டல் லேட்டாகும்.”

“படிக்கட்டுல தொங்குறவன் உள்ள வரவே அதைவிட நேரமாகும். பண்ணுங்க.”

அவசரத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் வெட்டிய வரிகள் திரும்பப் போயின. கேபிள் இல்லாமல் திரை எழுந்தது, தொட்டது புரிந்தது. கடிதமும் வந்தது: பயிற்சிக்காலம் நீட்டிப்பு.

“நிரந்தரம் ஆயிடுச்சா?” என்றாள் அம்மா போனில். பின்னால் எந்திரங்கள் இரைந்தன.

“இல்லம்மா. இழுத்துட்டாங்க.”

“தப்பு பண்ணியா?”

“பண்ணினதைக் காட்டிக்குடுத்தேன்.”

“நல்லா காட்டின போ. இந்த வாரத்தோட நிக்கிறேன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லித் தொலைச்சேனே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பப் போய் நிக்கிறது? சரி, வை. சாப்பிட்டுத் தொலை.”

அழலாமா, எதையாவது உடைக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒட்டடை வந்து நின்றான்.

“மிளகா, கேபிளைப் பிடுங்கிட்டு மத்ததையும் சோதிச்சேன். பிரிண்டர் எழுந்திருக்க மாட்டேங்குது.”

“அதுக்கு டிரைவர் எழுதினது யாரு?”

அவன் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “அவசரம் சார்.”

“நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா என் பயிற்சிக்காலம் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் நீளும்.”

“ஐயோ, நானா? நான் பிள்ளைகுட்டிக்காரன்!”

அவள் அவனை முறைத்தாள். கருவியை அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டு எழுந்து அந்தக் கதவை நோக்கி நடந்தாள்.