பதினோரு க்ளிக்

மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரே இடத்தில், ஒரே ஆள் விழுகிறான். வண்டியை அமைத்துக் கொடுத்தவன் நான். யாருக்குத்தான் மண்டை காயாது?

ஆள் அர்ஜுனன். பீன்யா தொழிற்பேட்டையில் என்னோடு ஒரே ஷெட்டில் லேத் ஓட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் இரும்பு சீவுவோம். ஏழாம் நாள் தும்கூர் ரோட்டுக்கு அப்பால் செம்மண் மைதானம். மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் அது. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் வரவழைத்து, அலுத்துப்போய் இவனிடம் விற்றார். ஓட்டுவது அவன், முடுக்குவது நான். தொண்ணூற்றெட்டில் பெங்களூரில் அதன் பின்சக்கர ஷாக் அப்சார்பரைத் தொடத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் கட்டைவிரல் நான்தான் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

ஷாக்கின் அடியில் ஒரு சின்னத் திருகு. மேட்டில் மோதி அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக எழும்பவேண்டும் என்பது அதன் கையில். முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து க்ளிக் க்ளிக்காக எண்ணித் திறக்கவேண்டும். பதினோரு க்ளிக் வைத்தேன். அர்ஜுனன் ஒரு சுற்று போய் வந்து, "டேய் மைக்கேலு, வெண்ணெ மாதிரி போகுதுடா" என்றான். அதற்குமேல் அந்தத் திருகை நான் தொடவில்லை. நான் வைத்ததை நானே மறுபடி பார்ப்பதா?

அடுத்த ஞாயிறே விழுந்தான். மைதானத்தின் கடைசியில் ஏழெட்டு மேடுகள் வரிசையாக இருக்கும். நாலாவது மேட்டில் வண்டி அவனை உதைத்துத் தள்ளியது. "ஷாக்கு கல்லு மாதிரி இருக்குடா" என்றான். கல் என்றால் இளக்கவேண்டும்தானே? ஸ்பிரிங்கை இளக்கினேன். இன்னும் கல்லானது. டயரில் காற்றைக் குறைத்தேன், முன்னால் ஃபோர்க்கில் எண்ணெய் மாற்றினேன். ம்ஹூம். இளக்க இளக்க இறுகுகிற வண்டியை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. மூன்றாவது முறை விழுந்தபோது அவனுக்கு முழங்கையில் ஆறு தையல்.

இந்த ஞாயிறு அவன் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"வண்டியில ஒண்ணுமில்ல மச்சி. எனக்குத்தான் பயம் புடிச்சிக்கிச்சு. மேடு வந்தாலே கை தானா பிரேக்குக்குப் போகுது. சும்மனே உன்னையும் பேஜார் பண்றேன். நம்மகூட ஓட்டற அந்த ராகேஷ் வண்டியைக் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்கே வித்துடறேன்."

"பயமாம் பயம், மண்ணாங்கட்டி!" என்று கத்தினேன். பன்னிரண்டு வருஷமாக மண்ணில் ஓட்டுகிறவன். இது இல்லாவிட்டால் அவன் அவனாகவே இருக்கமாட்டான்.

ஆத்திரத்தில் சீட்டை ஓங்கி அமுக்கினேன். அமுங்கியது. எழும்பவில்லை. எழும்பியது, ஆனால் சம்பளம் போடாத மாதத்தில் வேலைக்குக் கிளம்புகிறவன் மாதிரி அவ்வளவு மெதுவாக. அட கர்த்தரே! ஒரு மேட்டில் அமுங்கியது எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. நாலாவது மேட்டில் அமுங்க இடமே இல்லை. அதுதான் கல். ஸ்பிரிங்கை இளக்கி அதை இன்னும் மெதுவாக்கியவன் நான். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகை மூடிப் பார்த்தேன். அசையவில்லை. ஏற்கெனவே முழுக்க மூடித்தான் இருந்தது; மூட மூட ஸ்பிரிங் மெதுவாகத்தான் எழும். என் பதினோரு க்ளிக் எங்கே போயிற்று? திருகு தானாக இளகும், தானாக இறுகுமா?

"இதை எவன்டா தொட்டான்?"

"நான்தாண்ணா" என்றாள் உஷா. அர்ஜுனனின் மனைவி. டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளும் பீன்யாதான், சுவிட்ச்போர்டு கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு திருகு அரைச் சுற்று இளகியிருந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவள்.

"அன்னைக்கு பிரேக் பெடல் போல்ட்டு கழண்டு வந்துச்சு இல்ல? அதுல இருந்து சனிக்கிழமை ஆனா எல்லாத்தையும் நானே செக் பண்ணிடறேன். மத்ததெல்லாம் ஓகே. இது ஒண்ணுதான் லூஸா டிக்கு டிக்குனு ஆடிச்சு. நல்லா டைட் பண்ணிட்டேன்."

எவனையும் விட்டுவைக்காத வாய் எனக்கு. ஆனால் புருஷன் விழக்கூடாது என்று இறுக்கியவளை என்ன சொல்லித் திட்டுவது?

"என் தப்புடா" என்றேன் அர்ஜுனனிடம். "எண்ணுறப்போ தப்பா எண்ணிட்டேன்."

இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அவன் கேட்டிராத வார்த்தை. விழித்தான். உஷா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"டைட்டா இருக்கக்கூடாத ஸ்க்ரூவாண்ணா அது?"

நான் குனிந்து திருகைத் திறக்க ஆரம்பித்தேன்.

"அப்போ மூணு வாரமும் இவரைத் தள்ளிவிட்டது நானா? தையல் போடறப்போ பக்கத்துலயே நின்னேனே, பாவி!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அர்ஜுனன் எழுந்தான். திட்டப்போகிறான் என்று குறுக்கே போனேன். என்னை விலக்கிவிட்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"இரு, இரு. ஸ்க்ரூதானா? நெஜமா ஸ்க்ரூதானா, உஷா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்போ எனக்குப் பயம் வரலையா?" என்று கேட்டவன், மைதானத்தில் அத்தனை பேர் பார்க்க, அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான்.