கார்க்காரனோடு போனவள்

அந்தப் பாட்டு வந்த புதிதில், பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினால் போதும், பின் சீட்டிலிருந்து எவனாவது ஒருத்தன் "கதவைச் சாத்திட்டுப் போம்மா" என்று இழுப்பான். பஸ்ஸுக்குக் கதவே இருக்காது. ஆனாலும் பஸ் முழுக்கச் சிரிக்கும். ஆபீஸில் யாராவது வேலையை விட்டுப் போனால் கேக் மேல் அதை எழுதினார்கள். தேர்தலில் தோற்ற கட்சியின் அலுவலக வாசலில் ஜெயித்தவர்கள் அதைப் போட்டு ஆடினார்கள். மழலையர் பள்ளி ஆண்டு விழாவில் பால் பல் விழாத பெண் குழந்தைகள், அட்டையில் செய்த காருக்குள் நின்றுகொண்டு இடுப்பை ஆட்டின.

பாட்டின் கதை சின்னது. காதலன் ஏழை. காதலி வீட்டு வாசலில் ஒரு கார் வந்து ஹாரன் அடிக்கிறது. அவள் இருக்கிற நகையையெல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அவன் அழவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போம்மா, கொசு வருது" என்கிறான். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஊர் உலகமெல்லாம் அந்தக் கொசுவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் பாட்டு நாட்டை எப்படியெல்லாம் ஆட்டி வைத்தது என்று ஒரு டாகுமெண்டரி எடுத்திருந்தார்கள். எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டுகிற வேலை எடிட்டரிடம் வந்திருந்தது. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, காதை அமுக்குகிற ஹெட்போன், ஆறிப்போன டீ. இதுதான் அவள் உலகம். வருஷக்கணக்காக இதே கம்பெனிக்குத்தான் வேலை செய்கிறாள்.

"அந்தப் பொண்ணு மட்டும் கிடைச்சிருந்தா படம் எங்கேயோ போயிருக்கும் மேடம்" என்று தினமும் ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் டைரக்டர் உட்காருவான். அவளைவிடச் சின்னவன், நல்ல பையன், எதற்கெடுத்தாலும் கை தட்டுவான்.

"எந்தப் பொண்ணு?"

"பாட்டுல வர்ற பொண்ணுதான். நிஜமாவே ஒருத்தி இருந்தாளாம். யாருன்னு மட்டும் பாடகர் சொல்ல மாட்டேங்கிறார். இந்நேரம் கார்க்காரனோட ஜம்முனு செட்டிலாயிருப்பா."

"ஆமா, ஜம்முனு" என்றாள் எடிட்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் அவள்தான்.

கார்க்காரன் என்று ஒருத்தன் உண்டு. ஆனால் அவன் வந்தது பாட்டு வந்து நாலைந்து வருஷத்துக்குப் பிறகு. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். கார் ஸ்கூலுடையது. கூரை மேல் மஞ்சள் போர்டு, பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக். கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் சரி, ஆனா என்னைக் கட்டிக்கிட்டா பாட்டு உண்மைன்னு ஆயிடுமேம்மா" என்றான். அன்றைக்குத்தான் அவள் அந்தப் பாட்டை நினைத்து முதல் தடவையாகச் சிரித்தாள். கடைசித் தடவையும் அதுதான்.

அவளுக்கு ஒரே அக்கா. அக்கா கட்டிக்கொண்டு போன வீட்டில் மாமாவுக்கு ஒரு தம்பி. பாட்டும் கிட்டாருமாகத் திரிகிறவன். சிரித்தால் எதிரில் இருக்கிறவர்களும் சிரித்துவிடுவார்கள். அக்காவின் கொழுந்தனுக்குத் தங்கச்சியைக் கொடுத்தால் ஒரே வீட்டில் இரண்டு பெண்ணும் இருக்கும் என்று அம்மா ஆசைப்பட, நிச்சயமும் ஆனது. இவளுக்கும் மனசு நிறைய ஆசை. நிச்சயமான மூன்றாவது மாதம் அவன் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எனக்குக் கல்யாணமே இப்ப வேண்டாம். நான் வேண்டாம்னா அப்பா என்னை வீட்டை விட்டே துரத்திடுவார். உன்னாலதான் பையன் போனான்னு அந்தக் கோபமெல்லாம் உங்கக்கா தலையில விடியும். நீயே வேண்டாம்னு சொல்லிடு. அண்ணிக்கு ஒண்ணும் வராம நான் பார்த்துக்கறேன்."

"என்ன காரணம் சொல்றது?"

"வசதியான இடம் வந்திருக்குன்னு சொல்லு. கார் வச்சிருக்காங்கன்னு சொல்லு. அப்பதான் நம்புவாங்க."

அக்காவுக்குக் கைக்குழந்தை. மாமியார் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாத வீடு. தங்கச்சி யோசித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இரண்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்த ஹாலில் வந்து நின்று, கற்றுக்கொடுத்ததை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தாள். அம்மா அங்கேயே அவள் கன்னத்தில் அறைந்தார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வருஷம் அவன் பாடி அந்தப் பாட்டு வந்தது. அம்மா கண்ணை மூடுகிறவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா காரியத்தில்கூட அக்கா, யாரோ தூரத்துச் சொந்தத்திடம் கேட்பதுபோல், "சாப்பிட்டியா?" என்று கேட்டதோடு சரி.

இந்த வேலை வந்தபோது முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார்கள். அதைவிட, மனசுக்குள் ஒரு மூலையில் ஒரு நப்பாசை. அவன் வாய் தவறியாவது ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட மாட்டானா? அது அக்கா காதில் விழாதா?

சொன்னான்.

பேட்டி எடுத்து முடித்ததும், ஆள் இல்லாதது போல அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வது வழக்கம். ஃபேன் ஓடுவது, தெருவில் வண்டி போவது எல்லாம் அதில் இருக்கும். பேச்சை எங்கே வெட்டினாலும் அந்தச் சத்தத்தை அடியில் போட்டு ஒட்டுத் தெரியாமல் மறைத்துவிடலாம். கேமராவை அணைத்துவிடுவார்கள். ஒலிப்பதிவு மட்டும் ஓடும். அந்தத் துண்டை எடிட்டரைத் தவிர ஒரு ஜீவனும் கேட்காது. பாடகனின் பேட்டியில் ஓர் ஒட்டை மறைக்க வேண்டியிருந்ததால் எடிட்டர் அந்தத் துண்டைத் தேடி எடுத்தாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க, ரூம் சத்தம் எடுக்கணும்" என்கிறான் ஒலிப்பதிவுக்காரன். ஃபேன் ஓடுகிறது. எங்கேயோ ஒரு நாய். பிறகு பாடகன் களுக்கென்று சிரிக்கிறான்.

"இப்படி அமைதியா இருந்தாலே அவ ஞாபகம் வருதுப்பா. பாவம் அவ. காரும் வரல, ஒரு மண்ணும் வரல. எனக்குக் கழண்டுக்கணும். கார்னு சொல்லச் சொன்னதே நான்தான். நான் சொல்லிக்கொடுத்த வசனத்தை நின்னு அப்படியே ஒப்பிச்சா. அழக்கூட இல்ல. அப்புறம் யோசிச்சேன், வசனம் நல்லாத்தானே இருக்கு, வீணாக்குவானேன்னு பாட்டாப் போட்டுட்டேன்."

அறையில் நாலு பேர் சிரிக்கிறார்கள். "அண்ணே, பேசிட்டீங்க. திரும்ப எடுக்கணும்" என்கிறான் ஒலிப்பதிவுக்காரன்.

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழாயைத் திறந்தவள் வெகுநேரம் மூடவில்லை.

மறுநாள் டைரக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டினாள். அவன் கேட்டு முடித்து எழுந்து நின்று கை தட்டினான்.

"தங்கம் மேடம்! இது தங்கம்! இதான் க்ளைமாக்ஸ்! கீழே கல்யாண வீட்டுல ஜனங்க ஆடுறதைப் போட்டு…"

"படம் வேண்டாம். திரை இருட்டா இருக்கட்டும். குரல் மட்டும்."

"போர் அடிக்காதா?"

"அடிக்காது. காது கொடுத்துக் கேப்பாங்க."

"சரி, அவர் ஒத்துக்கணுமே. நான்னா சண்டைக்கே வந்துடுவேன்" என்றபடியே டைரக்டர் பாடகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சுவான், மிரட்டுவான், வக்கீலைக் கூப்பிடுவான் என்றெல்லாம் ராத்திரியே மனசுக்குள் வாதாடி ஜெயித்து வைத்திருந்தாள்.

"அட, அதைப் பிடிச்சிட்டீங்களா!" என்று சிரித்தது போன். "வச்சுக்கங்க தம்பி, வச்சுக்கங்க. எத்தனை நாளைக்குத்தான் பொய்யையே சொல்லிட்டுத் திரியறது? எடிட்டர் யாருப்பா, கில்லாடியா இருப்பான் போல."

"மேடம்தான் சார்."

"மேடமா? என் சார்பா ஒரு கும்பிடு போட்டுடுங்க."

அவள் குடும்பத்தையே குத்துயிராக்கிய விஷயத்தை அவன் சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டுவது மாதிரி தட்டிவிட்டுப் போனான். வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை. அக்கா கேட்க வேண்டும், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என் கொழுந்தன் படத்துக்கு நீ என்னைக் கூப்பிடறியாக்கும்?" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்கு முன்வரிசை டிக்கெட் வந்தாச்சுடி."

"வருவேல்லக்கா? கடைசிவரைக்கும் உக்காந்து பார்ப்பேல்ல?"

"ஏன், நடுவுல எழுந்து எங்க போகப்போறேன்?"

முதல் காட்சிக்கு அவளைக் கணவன்தான் கொண்டுவந்து இறக்கினான். அவளுடைய நல்ல சேலையைப் பார்த்து, "கார்க்காரனோட வந்து இறங்கறே, வாசல்ல எவனாவது பாடப்போறான்" என்றான். பிறகு குரலைத் தணித்து, "அக்கா உன்கிட்ட அழுதாங்கன்னா நீயும் சேர்ந்து அழுதுடு. அடக்காதே" என்றான்.

அவள் முன்வரிசைக்கு ஓரமாக, அக்காவின் முகம் பக்கவாட்டில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். படம் ஓடியது. கேக், கட்சி அலுவலகம், அட்டைக் கார். பாட்டின் மூன்றாம் வரியில் விசில். கடைசியில் திரை இருண்டது. ஃபேன் சத்தம். தூரத்து நாய். அவன் குரல். "பாவம் அவ. காரும் வரல, ஒரு மண்ணும் வரல…"

அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும். அக்காவின் முகத்தில் எந்த அசைவும் இல்லை. கேட்கிறாள், கேட்டுவிட்டாள் என்று எடிட்டரின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"…வீணாக்குவானேன்னு பாட்டாப் போட்டுட்டேன்."

ஒரு கணம்தான். பிறகு பின்வரிசையில் ஒருத்தன் வெடித்துச் சிரித்தான். அங்கிருந்து சிரிப்பு அலை அலையாக முன்னால் வந்தது. விசில், கைத்தட்டல், "தலைவா!" என்று கூச்சல். பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ வெளிப்படையா ஒத்துக்கறாரு பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். விளக்கு எரிந்தது. பாடகன் மேடையேறிக் கை கூப்பினான். ஜனம் எழுந்து நின்று தட்டியது. அக்காவும் எழுந்து தட்டினாள்.

தட்டுகிறாளே என்று நினைத்த எடிட்டர் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். எல்லோரும் தட்டும்போது முன்வரிசையில் இருக்கிறவள் சும்மாவா உட்கார முடியும்? நடைவழியில் அக்காவை மடக்கிக் கையைப் பிடித்தாள்.

"என்னடி இப்படி இளைச்சுட்டே?" என்றாள் அக்கா.

"கேட்டியாக்கா?"

"எதை?"

"அவன் பேசினதை. நான் போகலக்கா. அவன் சொல்லச் சொன்னான், நான் சொன்னேன். உனக்காகத்தான்…"

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். "மெதுவாப் பேசு. எனக்குத் தெரியும்டி."

"இப்ப தெரிஞ்சுதுல்ல, அது போதும்."

"இப்ப இல்ல. நீ ஹால்ல நின்னு சொன்னியே, அன்னிக்கு ராத்திரியே உங்க மாமா சொல்லிட்டார். தம்பி அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சிருக்கான்."

"அப்புறம் ஏன்க்கா என்கூடப் பேசல?"

"பேசினா உன் பக்கம்னு ஆயிடாதா? மாமியார் என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா? நீ யாருக்காக அப்படிச் சொன்னே? நான் அந்த வீட்டுல நல்லா இருக்கணும்னுதானே? உன்கூடப் பேசி நான் கெட்ட பேர் வாங்கியிருந்தா, நீ செஞ்சதெல்லாம் வீணாப் போயிருக்கும்ல." அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தங்கையின் தோளில் கலைந்திருந்த சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, அவ்வளவு அன்பாகச் சொன்னாள்.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அம்மா என்னைப் பார்க்காமயே போயிட்டாங்கக்கா."

"அம்மாகிட்ட சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. உனக்குத் தெரியாதா?" அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டாள். "சரி விடு, எல்லாம் முடிஞ்சுது. அதான் எல்லாரும் சிரிச்சிட்டாங்களே, இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. மாடியில புதுசாக் கட்டியிருக்கோம், நீ பார்த்ததே இல்லையே."

வாசலில் கும்பல். மஞ்சள் போர்டு வைத்த கார் ஓரமாக நின்றது. அவளைப் பார்த்ததும் கணவன் பழக்கதோஷத்தில் ஹாரனை ஒரு தட்டு தட்டிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். படியில் நின்ற இரண்டு பையன்கள் சரியாக அந்த இடத்தில் பாட்டை எடுத்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். பையன்கள் கை தட்டினார்கள்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா."

"அடடே!" அவன் முகம் மலர்ந்தது. "அப்ப உண்மையைக் கேட்டுட்டாங்க, இல்ல?"

"கேட்டா."

அவன் சந்தோஷமாகக் கியரைப் போட்டான். வண்டி முன்னால் ஓர் உலுக்கு உலுக்கி நின்றது. மறுபடி கிளப்பினான். மறுபடி நின்றது. குனிந்து அவள் காலைப் பார்த்தான். பக்கத்து சீட்டு பிரேக்கை அவள் பலம்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"காலை எடும்மா" என்றான் மெதுவாக. "வண்டி நகர மாட்டேங்குது."

அவள் எடுக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.