காலையில் வராத கட்டு

மெயில் வரவில்லை என்று யார் சொன்னாலும் சின்னவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான். "ஸ்பாம்ல பாத்தீங்களா?" சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. பாதி நேரம் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். மீதி நேரம் கேட்டவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவார். இரண்டிலும் அவளுக்கு வேலை மிச்சம்.

அன்று காலை அவள் வேலை பார்க்கிற பாலிடெக்னிக்கின் ஆபீஸ் போனில் அழைத்தவர் அப்படி வைத்துவிடவில்லை.

"பாத்துட்டேம்மா. ஸ்பாம்ல உலகத்துல இருக்கற குப்பையெல்லாம் இருக்கு, உங்க மெயில் மட்டும் இல்ல. நேத்தும் வரல, இன்னைக்கும் வரல. பையனுக்கு ஒண்ணுன்னா நாங்க வேற யாரைப் போய்க் கேப்போம்?"

"சார், யாரும் எழுதாம இருந்திருப்பாங்க. எழுதினாத்தானே வரும்?"

"ரெண்டு நாளா யாருமே எழுதலையா? அந்தக் குரூப்லயா?" என்று கேட்டு அவர் சிரித்தார். அதற்குள் ஆபீஸ் கிளார்க் வேறு யாருக்கோ லைன் வேண்டும் என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. வலிப்பு வருகிற குழந்தைகளைப் பெற்றவர்களின் குழு அது. ஊர் ஊராக இருக்கிற அம்மாக்களும் அப்பாக்களும் மூச்சு விடாமல் எழுதிக்கொள்வார்கள். எந்த மருந்து கசக்கிறது, எந்த ஸ்கூலில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தோம், இதுதான் பேச்சு. அக்கா மகளுக்காகத்தான் சின்னவள் அந்தக் குழுவையே தொடங்கினாள். பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் அறையின் மூலையில், ஏசி தண்ணீர் சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஒரு பழைய சர்வரைப் பிரின்சிபாலிடம் கெஞ்சி வாங்கி அதில் ஓட்டினாள்.

முதலில் தொந்தரவு தாங்கவில்லை என்றவளும் அக்காதான். "போன் நாள் பூரா டிங் டிங்குன்னா பட்டாணி எப்படிடி தூங்குவா?" பட்டாணி என்பது அக்கா மகள். உருண்டு திரண்டு பிறந்ததால் வந்த பெயர். உடனே சின்னவள் அக்காவை டைஜஸ்டுக்கு மாற்றிவிட்டாள். டைஜஸ்ட் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு நாள் பூராவும் வந்த கடிதங்களைச் சர்வரே ஒன்றாகக் கட்டி மறுநாள் காலையில் ஒரே மெயிலாக அனுப்பும், அவ்வளவுதான். குழுவில் பாதிப் பேர் அப்படி மாறிக்கொண்டார்கள், சின்னவளும் மாறிக்கொண்டாள். எதுவும் சிதறிக் கிடக்கக் கூடாது அவளுக்கு. துவைத்த துணியாக இருந்தாலும் மெயிலாக இருந்தாலும் மடித்து அடுக்கி வைத்தால்தான் மனசு ஆறும்.

அந்தக் கட்டு தனக்கும் இரண்டு நாளாக வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வராத ஒன்றை யார் கவனிக்கிறார்கள்? இன்பாக்ஸ் சுத்தமாக இருந்தது, அவளும் சந்தோஷமாக இருந்தாள்.

சர்வருக்குள் நுழைந்து பதிவுகளைப் பார்த்தாள். கட்டு அனுப்பும் புரோகிராம் காலையில் சரியான நேரத்துக்கு எழுந்திருக்கிறது. முதல் கடிதத்திலேயே இடறி விழுந்து, பிழை என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செத்திருக்கிறது. நேற்றும் அதே கதை.

'பிழை வந்தா எனக்கு மெயில் வரணுமே' என்று யோசித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிழை அறிவிப்புகள் நிர்வாகிக்கென்று இருக்கிற ஒரு தனிக் குழுவுக்குத்தான் போகும். அதில் இருக்கிற ஒரே ஆள் அவள். அதிலும் நச்சுநச்சென்று வருகிறதே என்று போன மாதம் தன்னை டைஜஸ்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கட்டு நின்றுபோனது என்ற செய்தி, நின்றுபோன கட்டுக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. சின்னவளைத் திட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் தாராளமாகத் திட்டலாம். அவளே திட்டிக்கொண்டாள்.

இடறிவிட்ட கடிதம் எது என்று திறந்து பார்த்தாள். அக்காவுடையது.

"எல்லாரும் பாருங்க, எங்க பட்டாணி தூங்கற அழகை! புது மருந்து பாட்டில் ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி ஒரு தடவைகூட வலிப்பு வரல. அசையாம தூங்கறா." கூடவே ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுக்குப் பெயர் வைக்கிற இடத்தில் அக்கா வரிசையாக இதயமும் பூவும் சிரிக்கிற பொம்மையுமாக அடுக்கியிருந்தாள். பழைய புரோகிராம் இந்தப் பெயரைப் படிக்கத் தெரியாமல் மூச்சு முட்டி விழுந்திருக்கிறது.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா வேலையா இது!" என்று வாய்விட்டே சொன்னாள். எதிரில் ஏணி மேல் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார்.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. அந்தக் கடிதத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டால் கட்டு கிளம்பிவிடும். எடுப்பதற்கு முன், வேறு எதுவும் கோளாறாக இருக்கிறதா என்று அடுத்த கடிதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். அடுத்தது, வேறொரு ஊரிலிருந்து குழுவுக்கு உதவுகிற டாக்டரம்மா எழுதியது.

"பாப்பாவின் அம்மாவுக்கு. பாட்டில் மூடி என்ன நிறம்? குழந்தையை எழுப்பினால் உடனே எழுகிறாளா?"

அதன் கீழே யாரோ இதயம் போட்டிருந்தார்கள். யாரோ எங்கள் பையனும் நன்றாகத் தூங்குகிறான் என்றார்கள். பிறகு மறுபடியும் டாக்டரம்மா. இந்தத் தடவை தலைப்பிலேயே அவசரம் என்று இருந்தது.

"பச்சை மூடி போட்ட புது பாட்டிலை யாரும் கொடுக்காதீர்கள். மருந்தின் வீரியம் லேபிளில் உள்ளதைவிட இரண்டு மடங்கு இருக்கிறது. இங்கே ஒரு குழந்தை மயக்கத்தில் இருக்கிறது. அது தூக்கம் இல்லை. எழுப்பிப் பாருங்கள், எழாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்."

நேற்று சாயங்காலம் அக்கா போனில் சொன்னது சின்னவளின் காதுக்குள் திரும்ப ஓடியது. "கை கண்ட மருந்துடி இது. சாப்பாட்டுக்கு எழுப்பினாக்கூட ரெண்டு வாய் வாங்கிட்டு மறுபடி சுருண்டுக்கறா. பாவம், இத்தனை வருஷத் தூக்கத்தைச் சேத்து வச்சுத் தூங்கறா போல." நல்லா தூங்கட்டும்க்கா என்று சின்னவளும் சொல்லியிருந்தாள்.

நிர்வாகிக் குழுவின் கிடப்பையும் திறந்தாள். பிழை அறிவிப்புகளுக்கு நடுவில் அங்கேயும் டாக்டரம்மாதான். "அந்தத் தாயின் போன் நம்பர் எனக்கு உடனே வேண்டும். பதில் எழுதினால் குழுவுக்குத்தான் போகிறது, அவருடைய முகவரி எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து." யாருடைய முகவரியும் வெளியே தெரியக் கூடாது என்று ஏற்பாடு செய்து வைத்ததும் சின்னவள்தான்.

அக்காவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். பட்டாணி தூங்கும்போது போனை ஊமையாக்கி அடுக்களை அலமாரியில் வைத்துவிடுவாள். மாமாவுக்குப் போட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர், மேலே ஏறிவிட்டால் போன் லாக்கரில் இருக்கும். மறுபடி அக்காவுக்குப் போட்டாள்.

எழுந்து ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் அந்தக் கட்டில் அக்கா மட்டுமா இருக்கிறாள்? எங்கள் பையனும் நன்றாகத் தூங்குகிறான் என்று எழுதியவர் இருக்கிறார். ஸ்பாமில் பார்த்தீர்களா என்று அவள் கேட்ட அந்த அப்பா இருக்கிறார், அவர் நம்பர்கூட அவளிடம் இல்லை. சின்னவள் நின்றபடியே அக்காவின் கடிதத்தைக் கட்டிலிருந்து உருவினாள். அவசரக் கடிதத்தைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். கட்டளையை அடித்தாள், அவசரத்தில் தப்பாக விழுந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி தப்பு. இரண்டு கையாலும் மேஜையை ஒரு தடவை ஓங்கி அறைந்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். திரையில் முகவரிகள் மளமளவென்று ஓடத் தொடங்கின. முடியும் வரை அவள் நிற்கவில்லை.

"அண்ணே, வண்டி இருக்கா? அக்கா வீட்டுக்குப் போகணும். குழந்தை..." என்று ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

எலக்ட்ரீஷியன் டியூப்லைட்டைப் பாதியில் தொங்க விட்டுவிட்டு இறங்கினார். "வாம்மா" என்றார்.

வழியில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு தெருவையே அடைத்து நின்றது. க்ளீனர் வரட்டும் வரட்டும் என்று கத்திக்கொண்டிருந்தான். ஊரே ஒன்றும் நடக்காதது போல வெயிலில் நிற்கிறதே என்று சின்னவளுக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். எலக்ட்ரீஷியன் பைக்கை நடைபாதையில் ஏற்றினார்.

அக்கா வீட்டுக் காலிங்பெல் மேல் யாரும் அமுக்கக் கூடாதென்று பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சின்னவள் கதவைக் கையால் குத்தினாள். கதவு திறந்தது. அக்கா உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஷ்ஷ். இப்படியாடி இடிப்பே? தூங்கறா."

சின்னவள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரை இழுத்துவிட்ட அறை. பட்டாணி போட்டோவில் இருந்த அதே மாதிரி, அதே பக்கமாகப் படுத்திருந்தாள். கன்னத்தைத் தட்டினாள், தலை ஒருபக்கம் சாய்ந்தது. தொடையைக் கிள்ளினாள். எங்கேயாவது தொட்டாலே சிணுங்குகிற குழந்தை சும்மா கிடந்தது. மூச்சு வந்தது, ஆனால் அடுத்த மூச்சு வருவதற்குள் இவள் செத்துப் பிழைத்தாள்.

"என்னடி பண்றே, பைத்தியம் பிடிச்சிருக்கா? இப்பத்தான் அவ நிம்மதியா..."

"அக்கா, இது தூக்கம் இல்லக்கா. அந்த பாட்டில்ல தப்பு. தூக்கு, தூக்குக்கா!"

அக்காவின் முகத்தில் சிரிப்பும் கோபமும் அழிந்துபோய், வெறும் முகமாக நின்றது. சின்னவள் அதை அதற்கு முன் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை. அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள், சின்னவள் பாட்டிலையும் அலமாரியிலிருந்த அக்காவின் போனையும் வாரிக்கொண்டாள், இருவரும் இறங்கினார்கள். கீழே எலக்ட்ரீஷியன் நடுரோட்டில் கையை விரித்து நின்று ஒரு காரை மறித்து வைத்திருந்தார். சின்னவள் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தாள். பச்சை மூடி.

ஆஸ்பத்திரியில் பட்டாணியை உள்ளே கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டு நின்றது, அறிவிப்பைத் தன் சௌகரியத்துக்காகக் கட்டுக்குள் போட்டது, டாக்டரம்மா கேட்டும் தனக்குத் தெரியாமல் போனது. "என் தப்புதான்க்கா. அடிக்கணும்னா அடி." அக்கா அடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கையில் ஏதாவது வேண்டும் என்பது போலத் தன் போனை வாங்கினாள். கட்டு வந்திருந்தது. மேலிருந்து கீழே தள்ளிப் படித்தாள்.

"நான் போட்ட போட்டோ மட்டும் இதுல இல்லையே?"

அவ்வளவையும் சொன்ன சின்னவள், கட்டு இடறியது அந்தப் போட்டோவில்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா ஆயுசுக்கும் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பெரிய சைஸா இருந்துதுக்கா. எடுத்துட்டேன்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் பட்டாணி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். ஆபத்து தாண்டிவிட்டது, இனி தூங்கட்டும், இது நல்ல தூக்கம்தான் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். பட்டாணி கண்ணை மூடினாள். அக்காவும் தங்கையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று அவள் நெஞ்சையே பார்த்தார்கள். நர்ஸ் சொன்னது இருவர் காதிலும் ஏறவில்லை. எழுப்பிப் பார்க்கலாமா என்று அக்கா கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டச் சின்னவளுக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா போனை எடுத்து ஊமை நிலையை மாற்றினாள். சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினாள். "எனக்கு இனிமே கட்டு வேண்டாம். ஒவ்வொண்ணா அனுப்பு. டிங் டிங்குன்னு வரட்டும்."

சின்னவள் அங்கேயே நின்று தன் போனிலிருந்து சர்வருக்குள் போய் அக்காவையும் தன்னையும் மாற்றினாள். மாற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அறையே அதிர மணியடித்தது. குழுவிலிருந்து ஒரே ஒரு கடிதம். காலையில் ஆபீஸுக்குப் போன் செய்த அந்த அப்பா எழுதியிருந்தார்.

"மெயில் வந்தது. ஸ்பாமில் இல்லை. பையனை அடித்து எழுப்பினோம், எழுந்துவிட்டான். பாட்டிலைக் கொட்டிவிட்டோம்."

சத்தத்தில் தூக்கம் கெட்ட பட்டாணி முகத்தைச் சுளித்தாள். கையைக் காலை உதைத்தாள். பிறகு ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி வீறிட்டு அழத் தொடங்கினாள். நர்ஸ் ஓடிவந்து, யாராவது சமாதானப்படுத்துங்களேன் என்றாள். அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டபடியே நின்றார்கள், குழந்தையைத் தட்டிக்கொடுக்க இருவருமே போகவில்லை.